மறதிக்காரக் கை

“கை மறுபடியும் எல்லாத்தையும் மறந்துடுச்சு, டாக்டரம்மா.”

முரோயா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அச்சக இயந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தவர். மனைவி போன பிறகு சுச்சியுராவில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளுபவர். செயற்கைக் கையை மூடச் சொல்லிப் பார்த்தாள் மிசுஹோ. ரப்பர் விரல்கள் விறைத்தபடியே இருந்தன.

சுகுபா ஆய்வகத்தில் அவள் உயிரைக் கொடுத்துச் செய்த கை அது. உள்ளே இருக்கும் சிப், மாட்டியிருப்பவரின் தசைத் துடிப்பைப் பார்த்துப் பார்த்துத் தன் மின்சுற்றுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். மனிதன் கைக்குப் பழக வேண்டாம், கை மனிதனுக்குப் பழகும். இங்கே நன்றாகத்தான் பழகியது. வீட்டுக்குப் போய்த் திரும்பினால் சுத்தமாக மறந்து தொலைத்தது!

“இன்னிக்கும் மறந்திருந்தா இந்த சிப்பையே மூட்டை கட்டிடச் சொல்லிட்டார் ஆய்வகத் தலைவர். சாயங்காலம் கேப்பார். நான் என்னய்யா பதில் சொல்றது?”

“அடடா, அவ்வளவு தூரம் போயிடுச்சா?” பெரியவரின் முகம் விழுந்துவிட்டது. “சரி, முதல்லேருந்து சொல்லிக் கொடுப்போம். அதுக்கு முன்னாடி இதைச் சாப்பிடுங்க. நீங்க எங்க காலையில சாப்பிட்டிருக்கப் போறீங்க!”

பூப்போட்ட துணியில் மூட்டையாகக் கட்டிய மோச்சி அரிசிக் கொழுக்கட்டை டப்பாவை மேசையில் வைத்தார். மேலே முடிச்சு இறுக்கமாக, முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றது.

முழங்கைப் பக்கம் இருந்த சிறு பொத்தானை மிசுஹோ அழுத்திப் பிடித்தாள். கற்றதெல்லாம் அழிந்து சிப் புதிதாகத் தொடங்க, அவளே வைத்த பொத்தான்.

“மூடுங்க... திறங்க...”

“பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுடுச்சு, தெரியுமா?”

“ஐயா, கவனம் கையில இருக்கட்டும்.”

“அது பாட்டுக்குக் கத்துக்கும். உங்க அம்மாவுக்கு இருமல் தேவலையா?”

மதியத்துக்குள் கை காகிதக் கோப்பையை நசுக்காமல் தூக்கிவிட்டது. பெரியவர் குழந்தையாகச் சிரித்தார். மிசுஹோவுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வருஷ உழைப்பும் சாயங்காலத்தோடு சரி.

பசி காதை அடைக்க, மோச்சி மூட்டையைப் பிரிக்கப் போனாள். முடிச்சு லேசில் இளகவில்லை. இரண்டு கையாலும் இழுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயா, இதை யார் கட்டினா?”

“நான்தான். காலையில. வேற யாரு இருக்கா எனக்கு?”

“இந்த முடிச்சுக்கு ரெண்டு கை வேணுமே.”

பெரியவரின் மடியில் ரப்பர் விரல்கள் மெல்ல மூடித் திறந்தன.

“பஸ்ல வரும்போது நான்தான் பொத்தானை அழுத்துவேன். கை பழகிடுச்சுன்னா, அப்புறம் என்னை எதுக்கும்மா வரச் சொல்லப் போறீங்க?”