தேதி போன பொட்டலம்

தைனான் நகரத்தில் ஒரு நாலாவது மாடி வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர்கள். இறந்துபோன ஒரே மகள் யீ-ஜென் அமைத்து வைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒரு முனையில் டிக் டிக்கென்று முனகுகிறது. அவள் படங்களும் குரலும் அதில் மட்டும்தான் இருக்கின்றன. மறுமுனையில் புதுப்பெட்டி. ஒன்று போனாலும் மற்றது காக்குமென்று இரண்டு டிஸ்க் போடக்கூடியதாகத் தேடி வாங்கியிருக்கிறார் அப்பா குவோ-சியுங். நகலெடுப்பது மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி இமைகளை அழுத்திக்கொள்கிறார். இயந்திரம் சொன்னபடி கேட்க அதன்மேல் பச்சைநிறச் சோளப்பொரிப் பொட்டலம் வைப்பது ஊர் வழக்கம். பழைய பெட்டிமேல் இருந்ததை மனைவி மெய்-யுன் புதியதன்மேல் மாற்றி வைத்திருக்கிறாள். அவர் அதைத் திருப்பிப் பார்க்கிறார்.

"தேதி போயே ரொம்ப நாளாச்சு. இதை வெச்சா எப்படி நகரும்? குப்பைல போடு."

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்கிறது. கையில் குப்பைப் பையோடு மெய்-யுன் அசையாமல் நிற்கிறாள்.

"ஜென் அப்பா, அதுல அவ எழுதினது இருக்கு."

பொட்டலத்தின்மேல் மார்க்கரில் மகளின் கோணல் எழுத்து: 'சமத்தா இரு. அப்பாவைப் படுத்தாதே.'

பாட்டு வாசலைத் தாண்டித் தேய்கிறது. குவோ-சியுங் கத்தரிக்கோல் எடுத்து, எழுத்தில் படாமல் ஓரத்தை வெட்டுகிறார். இருவரும் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தபடி தின்கிறார்கள்.

"நமுத்துப் போச்சு," என்கிறாள்.

"ம்," என்றவர், மேசையில் சிந்திய ஒன்றையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிறார்.