ஒப்பிட்டுப் பார்க்க

“லாரி ஓட்டுறப்ப இவர் கன்னத்துல எந்நேரமும் புகையிலைதான், டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைப் பிடுங்கிப் பிடுங்கி நானும் அலுத்துட்டேன்” என்று கணவனைக் காட்டிக் கொட்டித் தீர்த்தாள் மனைவி.

பல் டாக்டர் அவனுடைய உள்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவினார்.

“என் வாயிலயும் எடுங்க. நல்ல வாய் எப்படி இருக்கும்னு இவர் கண்ணால பார்க்கட்டும்!”

டாக்டர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

மறுவாரம் இருவரையும் அழைத்து, மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். முதல் படத்தில் செல்கள் ஓரளவு ஒழுங்காக இருந்தன. இரண்டாவதில் உட்கருக்கள் வீங்கி, செல்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன.

“பார்த்தீங்களா உங்க லட்சணத்தை?” என்றாள் மனைவி. கணவன் தலைகுனிந்தான்.

“முதல் படம்தாம்மா அவரோடது. இது உங்களோடது.”

“நான் ஒரு தடவைகூட மென்னதில்லையே!”

“பல் எதால தேய்க்கிறீங்க?”

“பல்வலின்னு... இவர்கிட்ட பிடுங்கினதைத்தான் வறுத்துப் பொடிச்சு, காலையும் ராத்திரியும் தேய்க்கிறேன். வாங்கின பொருள் வீணாப் போகலாமா?”

“தேய்ச்சாலும் அது புகையிலைதாம்மா. நீங்க பிடுங்கினதால அவர் கொஞ்சம் தப்பிச்சார். பயப்படாதீங்க, சீக்கிரமே பார்த்துட்டோம். இன்னைக்கே நிறுத்திடுங்க. சின்னதா சதை எடுத்துப் பரிசோதிச்சுடலாம்.”

வாசலுக்கு வந்ததும் கணவன் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தான். பழக்கதோஷத்தில் அவள் கை நீண்டது.

அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு, பாக்கெட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டான்.