வாழைத்தண்டுக் கை

மாதன் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். அத்தனையும் அபராதம். தகடு வெட்டும் மெஷினின் மென்பொருளை இன்னொரு மெஷின் சோதித்து, 'கை உள்ளே இருந்தாலும் கத்தி நிற்காது' என்று ஓயாமல் ரிப்போர்ட் அனுப்பியது. கையை உள்ளே விட்டு அந்த ரிப்போர்ட் பொய் என்று காட்டுவதுதான் மாதனின் வேலை. காட்டாமல் விட்ட ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அபராதம். அவனுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

இன்று கிளவுஸுக்குள் வாழைத்தண்டைச் செருகி நீட்டினான். கத்தி அதை இரண்டாக்கியது.

"பாருங்க சார், ரிப்போர்ட் நெசம்."

சூப்பர்வைசர் கிரிதரன் சிரித்தார். "அது தண்டுய்யா. மெஷினுக்கு மனுசச் சதைதான் தெரியும். உன் கையை விடு. ஏன், பொண்டாட்டியக் கேட்டுட்டு வரணுமா?"

"கத்தி நிக்குமா சார்?"

"சத்தியமா நிக்கும்."

மாதன் அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே திணித்து, பொத்தானை அமுக்கினான். கத்தி நிற்கவில்லை. ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது.

ஓடிவந்த காவலாட்கள் அவனைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். அப்போது ரிப்போர்ட்டும் பாக்கியும் காட்டும் சுவர்த்திரையில் எழுத்து மாறியது. வீங்கிய கண்ணால் மாதன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: 'ரிப்போர்ட் உண்மை. அபராதம் ரத்து. மாதன் பாக்கி: ஏதுமில்லை.'