அப்பா வண்டி

வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பக்கத்திலிருந்த ஆயில் முள் எதிர்ப்பக்கமாகச் சரிந்து அடியில் படுத்துவிட்டது.

பெண்ணின் அப்பா பொன்னழகுதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவர் இரண்டு முள்ளையும் பார்த்தார். பின்சீட்டில் மாலையோடு இருந்த மாப்பிள்ளை முகேஷைக் கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை போனில் இருந்தார்.

முகப்பிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் முன்னால் போன நாயனம் பாதி ராகத்தில் அடங்கியது.

நேமத்தான்பட்டிச் சம்பந்தக்காரர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்தப் பழங்காலத்துக் காரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பொன்னழகுவின் அப்பா இதில்தான் வயலுக்குப் போவாராம். வரப்பில் எப்படிப் போனார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

உண்மையில் அது சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற வண்டி. காரைக்குடியில் இந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் பேசியது. சொந்த வண்டிக்கு வேற்றாள் எதற்கு என்று எவராவது கேட்டுவிடக் கூடாதே என்று, கூட வந்த டிரைவரை மண்டபத்துக்குச் சாப்பிட அனுப்பியாயிற்று.

விடிந்தால் முகூர்த்தம். பரம்பரை பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். இந்தப் பொய் உடைந்தால் சொன்ன மற்றதையெல்லாம் தோண்டிப் பார்ப்பார்கள். மகள் சிவரஞ்சனி மண்டபத்தில் தலைநிறையப் பூவோடு உட்கார்ந்திருப்பாள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் ஆயில் பம்பு தேய்ந்துவிட்டது என்றார். ஒருவர் ரேடியேட்டரில் ஓட்டை என்றார். கண்பட்டுவிட்டது என்றவருக்குத்தான் ஆதரவு அதிகம். பூசணிக்காய் வாங்க ஆள் ஓடியது.

முதலில் பானெட்டைத் திறக்கச் சொன்னார் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெத்தன்.

பொன்னழகு டேஷ்போர்டுக்குக் கீழே கைக்கு அகப்பட்டதை இழுத்தார். வைப்பர் ஆடியது. இன்னொன்றை இழுத்தார். விளக்கு எரிந்தது. இறங்கி வந்து, காய்ச்சல் பார்ப்பவர்போல முகப்பைத் தடவினார்.

“என்னண்ணே, அப்பா வண்டிங்கிறீக. பானெட்டு எங்குட்டுத் தொறக்கும்னு தெரியலையா?”

பெத்தன் சிரிக்காமல்தான் கேட்டார். கூட்டமும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மாப்பிள்ளையின் அப்பா ஐயனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மொடமொடப்பான வெள்ளைச் சட்டை, ஜரிகைத் துண்டு, ஊர்வலம் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாத முகம். பொன்னழகுவின் பக்கத்தில் நின்று, நாயனக்காரரைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார். வண்டியின் மூக்கில் இருக்கிற பறவைப் பொம்மையை இடப்பக்கம் திருப்ப வேண்டுமாம்.

பொன்னழகு திருப்பினார். பானெட் திறந்துகொண்டது. என்ன இருந்தாலும் பழகின கை என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

இருவரும் உள்ளே குனிந்தார்கள்.

எதுவும் கெட்டுப்போகவில்லை என்றார் ஐயனார். மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் உருட்டினால் இந்த எஞ்சினுக்குக் காற்றுப் பத்தாது. சூடேறினால் ஆயில் தண்ணீர்போல இளகிவிடும், முள் படுத்துவிடும். ஆறவிட்டு, மேளத்தை முன்னால் அனுப்பிவிட்டு, கொஞ்சம் விரட்டிப் போனால் மண்டபம் வரைக்கும் தாங்கும்.

எப்படித் தெரியும் என்று பொன்னழகு கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் இல்லை.

ஐயனாரே சொன்னார்.

“எங் கல்யாணத்தப்ப, ஒரே ஒரு நாளு, இது எங்கப்பா வண்டியா இருந்துச்சு சம்பந்தி. அப்பச் செவப்புப் பெயிண்டு.”

நிமிர்வதற்கு முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மச்சான் பெத்தனுக்கு இன்னமும் தெரியாது.”