குச்சிக்கு வந்த மவுசு

புதிதாகப் படம் எடுத்துப் பழகும் தணிகைவேல், மீன்கொத்தி வந்து உட்காரட்டும் என்று குளத்தோரத் தண்ணீரில் ஒரு காய்ந்த குச்சியை நட்டுவைத்தார்.

மீன்கொத்தியும் வந்து அதன்மேல் ஒயிலாக உட்கார்ந்தது. "உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்? என்னைத் தாங்கிக்கொண்டு ஆடாமல் நில், போதும்," என்றது. குச்சியும் ஆடாமல் நின்றது.

கேமரா 'க்ளிக்' என்றது. படத்தைப் பார்த்த தணிகைவேல் உச்சுக்கொட்டினார். "அடச்சே, ஃபோகஸ் மாறிப்போச்சு! பறவை நீலக் கறையா இருக்கு. குச்சிதான் பளிச்சுன்னு நார்நாராத் தெரியுது!"

அதைக் கேட்டதும் குச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை மீன்கொத்தி வழக்கம்போல் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. குச்சி விறைப்பாக நின்றபடி சொன்னது:

"கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உட்காரேன். என்னைப் படம் எடுக்க ஆள் வருகிற நேரம்."