வரிசை கலையக் கூடாது

"மாடெல்லாம் வரிசையில நிக்கலைன்னு ஒன் கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னது ஆத்தா? இன்னும் ஒண்ணுகூடத் தொழுவத்தை விட்டு வெளிய வரலையே!"

கேட்டவர் வசந்தகுமார். வல்லத்திராக்கோட்டை ஜல்லிக்கட்டு விழாக்குழுச் செயலாளர். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று எட்டியே நிற்கிற மேதை.

இலக்கியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவள். ஒரே காளையைப் பல தடவை பதிந்து, கூடுதல் டோக்கனை விற்றுவிடும் புண்ணியவான்கள் ஊரில் உண்டு. அந்தப் பதிவுகளை நீக்கித்தரத்தான் வந்திருந்தாள். கறுப்புத் திரையில், ஃபைல் வரிசையில் இல்லை என்று எச்சரிக்கை வந்து நின்றது.

"மாட்டைச் சொல்லல மாமா, பேரைச் சொல்லுது. ஒரே பேரு பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் இதுக்குத் தெரியும். நடுவுல வேற பேரு வந்தா விட்டுரும். அகர வரிசையில அடுக்கிட்டா எல்லாம் ஒண்ணா வந்துரும்."

"அடுக்குறதா? மொதல்ல பதிஞ்சவனுக்கு மொத டோக்கன். வரிசையைக் கலைச்சா ஊர்ல வெட்டுக்குத்தாயிரும்."

"நம்பர் போட்டு வச்சுக்கிட்டு, அப்புறம் பழையபடியே மாத்திரலாம் மாமா."

"கலைஞ்சது கலைஞ்சதுதான். எர்ரரா வந்திருக்கு? வார்னிங்தானே! பேசாம அமுக்கு ஆத்தா."

படித்த பெண் வேறென்ன செய்வாள்? அமுக்கினாள்.

வாசலில் இன்னாசியம்மாள் நின்றிருந்தாள். டோக்கன் மொத்தம் ஐந்நூறு. அவள் கன்றிலிருந்து வளர்த்த செவலைக்குக் கிடைத்த இடம் ஐந்நூற்றுப் பத்து. முன்னால் பத்துப் பதிவு கழிந்தால்தான் செவலை இந்த வருடம் வாடிவாசலைப் பார்க்கும்.

கழிந்தது இரண்டே இரண்டு. இரண்டும் ஆண்டிச்சாமியின் பதிவு.

"பதியிறப்ப போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அதான் மூணு தடவ அமுக்கிப்புட்டேன்" என்று அவன் கையைப் பிசைந்தான்.

வசந்தகுமார் விடவில்லை. நேர்மை, ஊர்க் கட்டுப்பாடு, முன்னோர் மானம் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். ஆண்டிச்சாமி அழாத குறை.

"இன்னும் எட்டுப் பேரு கழியலையா தம்பி? நல்லாப் பாத்தீகளா?" என்றாள் இன்னாசியம்மாள்.

"கம்ப்யூட்டரே பாத்துருச்சுக்கா. அதுக்கு வேண்டியவுக, வேண்டாதவுகன்னு உண்டா? அடுத்த வருசம் பாப்போம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். இலக்கியாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இந்த மனிதருக்கு வரிசை என்றால் என்னவென்று எந்த ஜென்மத்தில் விளங்கவைப்பது?

லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தகுமார் போனில் இருந்தார். குரல் குழைந்து கிடந்தது.

"மச்சான், நாஞ் சொன்ன மாதிரியே தள்ளித் தள்ளிப் பதிஞ்சே பாரு, ஒன் காளையோட பத்துப் பதிவும் தப்பிச்சிருச்சு!"