வலப்பக்கத்துப் பட்டை

"முன் சீட்ல உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்க ஹாஜி? நல்ல கனமா?"

கெய்ரோவில் பழைய கார்களுக்கு அடியில் பாரம் தாங்கும் வில்பட்டைகளைத் தட்டி வளைத்துக் கொடுக்கும் மேஸ்திரி, உஸ்தா பயூமி, இதைக் கேட்காமல் பட்டையை நெருப்பில் வைக்க மாட்டார். கனம் ஏறுகிற பக்கத்துக்கு வளைவு கூடுதலாக வைப்பது அவர் வழக்கம்.

மனைவியைப் பற்றிப் பேசச் சொன்னால் ஹாஜி ஷவ்கிக்குக் கரும்பு தின்னக் கூலி. புதிதாக வாங்கிய நாளிலிருந்து இந்த பியட்டை அவரேதான் ஓட்டுகிறார்.

"என் வீட்டுக்காரிதான், இன்ஷிராஹ். சாப்பாட்டுல குறை வெச்சவ இல்ல. அவ ஏறினா வண்டி அந்தப் பக்கமா ஒரு சலாம் போடும்."

பட்டறையே சிரித்தது. நாளைக்கு வசந்தத் திருநாள். ஊரே உப்பு மீனும் பச்சை வெங்காயமும் கட்டிக்கொண்டு நைல் கரைக்குப் போகும். போன வருஷமே அவள் ஏங்கிப் போனாளாம். இந்த வருஷமாவது அழைத்துப் போக வேண்டும், அதற்குள் வண்டி நிமிர்ந்தாக வேண்டும் என்று ஷவ்கி தவித்தார்.

ஒரு திருகு தளர்ந்தாலும் வந்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அவளைப் பற்றியே பேசுகிற மனுஷர். அந்த அம்மாளை மட்டும் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. பெட்ரோல் வாடை ஆகாதாம்.

இந்த பியட்டுக்கு வில்பட்டை பின்பக்கம் மட்டும்தான். பயூமி இரண்டையும் கழற்றித் தரையில் அருகருகே போட்டார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். ஷவ்கி டீ கிளாஸோடு வருவதைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சாக்கை இழுத்து மூடினார்.

"எந்தப் பக்கம் மோசம் உஸ்தா?" ஷவ்கியின் குரல் தயங்கியது.

"வலப்பக்கம்தான். அப்படியே உக்காந்துபோச்சு. அம்மாவோட வேலைதான், வேற யாரு?"

ஷவ்கியின் முகம் மலர்ந்தது. நான் சொன்னேனே என்பதுபோல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வரட்டுமா ஹாஜி? பட்டை எப்படி நிக்குதுன்னு பார்க்கணும். அம்மா இடம் வேண்டாம், நான் பின்னால உக்காந்துக்கறேன்."

ஷவ்கி டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். பிறகு, மீன் தன் பொறுப்பு, வெங்காயம் உஸ்தாவின் பொறுப்பு என்று உத்தரவு போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

பயூமி சாக்கை விலக்கினார். ஓட்டுகிறவர் உட்காரும் இடப்பக்கத்துப் பட்டை மட்டும் பலகையாகப் படுத்திருந்தது. வலப்பக்கத்துப் பட்டையில், வண்டி புதிதாக வந்த நாளின் வளைவு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் யாருமே உட்கார்ந்ததில்லை.